கண்ணு டாக்டர் இல்லீங்க, கண்ணு ஆராய்ச்சி

ஊருக்கு வந்தாலே எனக்கு ஒரு வம்பு. தேவகோட்டைப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தி முடிஞ்சு வெத்தலை போடுற நேரத்துல யாராவது ஒரு ஆச்சி கண்ணாடியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு பக்கத்துல வந்து உக்காந்துருவாங்க, "ஏத்தா, நீ கண்ணு டாக்டராமே, எனக்கு பொறை வந்துருச்சான்னு பாரேன்"னு. நான் டாக்டர்தான், ஆனா பிஎச்டி டாக்டர், ஒரு சொட்டு மருந்து கூட எழுதிக் குடுக்க முடியாதுன்னு சொன்னா அவங்க முகம் சுருங்கிரும். "அப்ப மதுரையில இத்தன வருசமா என்னதான் பண்றே"ம்பாங்க. அதுக்குத்தான் இந்த போஸ்ட்.

நான் பாக்குறது ரெட்டினா, அதாவது விழித்திரை. கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குற ஜவ்வு, அரை மில்லிமீட்டர் கனம் கூட கிடையாது, அதுக்குள்ள மங்கல் வெளிச்சத்துக்கான ராடு செல் மட்டும் ஏறக்குறைய 12 கோடி, கலர் பாக்குற கோன் செல் ஒரு 60 லட்சம். காரைக்குடியில பிஎஸ்சி ஜுவாலஜி படிக்கும்போது இதெல்லாம் ஒரு பக்கத்துல படிச்சு பத்து மார்க் வாங்கிட்டு மறந்த விஷயம். பிஎச்டில சேந்தப்புறம் நான் முதல்ல தொட்டது ஆட்டுக் கண்ணுதான், விடியக்காலைல கறிக்கடைல தலைக்கறி வாங்க வந்தவங்க நடுவுல நின்னு கண்ணு மட்டும் வேணும்னு கேட்டா கடைக்காரர் மேலயும் கீழயும் பாப்பாரு. ஐஸ் பெட்டில வச்சு லேபுக்கு எடுத்துட்டு வந்து திறந்தா உள்ள நீலமும் பச்சையுமா ஒரு மினுக்கம். டபீட்டம்னு பேரு, ராத்திரி லைட் பட்டா ஆட்டுக் கண்ணு மின்னுதே அதுக்குக் காரணம் இதுதான், மனுசனுக்கு இது கிடையாது. அது மேல இருக்குற ரெட்டினா, பால் மேல படியிற ஆடை மாதிரி, ஃபோர்செப்ஸ கொஞ்சம் அழுத்துனா போச்சு.

ஆனா என்னோட உண்மையான வேலை, இன்னிக்கு வரைக்கும் எனக்கு அலுக்காத வேலைன்னா அது ட்ரிப்சின் டைஜஸ்ட். குவாபரா, கோகன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1960ல எழுதுன முறை. ஃபார்மலின்ல (அழுகாம வச்சுக்குற திரவம்) கிடந்த ரெட்டினாவ நல்லா தண்ணில அலசி, ட்ரிப்சின்ங்கிற என்சைம்ல 37 டிகிரில ஊற வச்சா நரம்பு செல்லெல்லாம் கொழகொழன்னு கழண்டுரும், மெதுவா ஆட்டி ஆட்டி அதையெல்லாம் உதுத்துட்டா கடைசியா மிஞ்சுறது ரத்தக் குழாய் வலை மட்டும்தான், முழுசா, கிளை கிளையா. அத ஸ்லைடுல மிதக்க விட்டு விரிச்சு காய வச்சு சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்ல வச்சா ஒவ்வொரு நியூக்ளியஸும் தெரியும். நீளமா வெளிறிப்போய் இருக்குறது குழாயோட உள்சுவர் செல். சின்னதா உருண்டையா கருப்பா சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குறது பெரிசைட். நல்ல கண்ணுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. சர்க்கரை நோய்க்காரங்க கண்ணுல இந்த பெரிசைட் செத்துப்போய் அது இருந்த இடம் மட்டும் காலி உறையா நிக்கும், 1961லயே இதே ஆளுங்க கவனிச்சுட்டாங்க. பெரிசைட் போன இடத்துல சுவர் பலமில்லாம சின்னச் சின்னதா புடைக்கும், அதுல இருந்து கசியும். ஏன் இந்த செல் இவ்வளவு சீக்கிரம் சாகுதுங்கிறதுதான் என் பொழப்பு.

இவ்வளவும் நடக்கும்போது ஆளுக்கு ஒண்ணும் தெரியாது, ரெட்டினாவுக்கு வலிக்கவே வலிக்காது. "எனக்கு பேப்பர் நல்லாத்தான் தெரியுது"ன்னு சொல்ற சுகர்காரங்களோட நான் சண்டை போடுறது இதுக்காகத்தான். (நடுவுல ஒண்ணு, கவுனி அரிசி சுகருக்கு நல்லதுன்னு யாரோ கிளப்பிவிட்டுட்டாங்க, நெய்யும் சீனியும் தேங்காயும் போட்டுக் கிண்டுனா அது மருந்தா? நல்லாருக்குன்னு சொல்லிட்டு சாப்பிடுங்க, மருந்துன்னு சொல்லாதீங்க.)

எங்க அம்மானுக்கு இப்ப கண்ணுல ஊசி போடுறாங்க. கண்ணுக்குள்ளயே ஊசியான்னு முதல் தடவை வீடே அலறுச்சு. அந்த ஊசியோட கதைய நான் அவர்கிட்ட இப்படித்தான் சொன்னேன். நம்ம காரைக்குடி சிக்ரிக்கு, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, நேரு அடிக்கல் நாட்டுனது 1948. அதே வருசம் மைக்கேல்சன்னு ஒரு டாக்டர், ஆக்ஸிஜன் பத்தாத ரெட்டினா ஏதோ ஒரு பொருளைச் சுரக்குது, அதுதான் புதுசு புதுசா ரத்தக் குழாய வளக்குதுன்னு எழுதுனாரு. அது என்ன பொருள்னு அவருக்கும் தெரியாது. 1989ல ஃபெராராங்கிற விஞ்ஞானியோட குழு, ரத்தக் குழாய வளர வைக்கிற விஇஜிஎஃப் (VEGF)ங்கிற புரதத்தைப் பிரிச்சு எடுத்துச்சு, அப்புறம் வந்த ஆராய்ச்சியில அந்தப் பொருள் முக்கியமா இதுதான்னு புரிஞ்சுச்சு. அதைக் கட்டிப்போடுற ரானிபிசுமாப்ங்கிற ஊசி மருந்து அமெரிக்கால அனுமதி வாங்குனது 2006, அதுவும் வயசானவங்களுக்கு வர்ற மேக்குலா (ரெட்டினாவோட நடுப்பகுதி, கூர்மையா பாக்குற இடம்) நோய்க்கு, சர்க்கரைக் கண்ணுக்கு அப்புறம்தான். குடல் புத்துநோய்க்கு 2004ல வந்த பெவாசிசுமாப்பும் இதே ஆளத்தான் கட்டிப்போடும், ஒரு பெரிய குப்பிய சின்னச் சின்ன ஊசியா பிரிச்சுக்கலாம்னு ஆனதுனாலதான் நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இந்த வைத்தியம் கட்டுப்படியாகுது.

அம்மான் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நீ கண்டுபுடிக்கிறது என் பேரனுக்குத்தான் வரும்போல"ன்னாரு. பேரனுக்கு இன்னும் பல்லே முளைக்கல. எனக்கு அதுல வருத்தமெல்லாம் இல்ல, இந்தத் துறைல கணக்கு அப்படித்தான் ஓடுது, அவசரப்படுறவங்க ரெண்டு வருசத்துல வேற வேலைக்குப் போயிருவாங்க.

ஒரு உதவி கேக்கணும். கண்தானம்னா முழுக் கண்ணையும் இன்னொருத்தருக்கு வச்சுருவாங்கன்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, மாத்துறது முன்னாடி இருக்குற கார்னியா மட்டும்தான். கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்புல 10 லட்சம் இழைக்கு மேல இருக்கு, வெட்டுனா திரும்ப ஒட்ட முடியல. முழுக் கண்ணா எடுத்தாங்கன்னா, வீட்டுக்காரங்க சம்மதிச்சா, மிச்சம் எங்கள மாதிரி லேபுக்கு வரும். ஆட்டுக்கு மேக்குலாவே கிடையாது, எலிக்கும் இல்ல, அதனால மனுசக் கண்ணு வந்தாத்தான் சில கேள்விக்கு பதில் தேட முடியும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், ஃபேன ஆஃப் பண்ணிட்டு கண்ண மூடி ஈரப் பஞ்சு வச்சுட்டு கண் வங்கிக்கு போன் போடுங்க. சுகர் இருந்தவங்க, ஆபரேஷன் பண்ணவங்க, கண்ணாடி போட்டவங்கன்னு தயங்க வேணாம், எங்களுக்கு சுகர்காரங்க கண்ணுதான் ரொம்பத் தேவை.

அப்புறம் காரைக்குடி, புதுவயல் பக்கத்துல இருந்து லைஃப் சயின்ஸ் படிக்கிற பிள்ளைங்க எப்படி இதுக்குள்ள வர்றதுன்னு கேட்டுருந்தீங்க. எம்எஸ்சி முடிக்கிறப்பவே சிஎஸ்ஐஆர் நெட் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிங்க, அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா மாசாமாசம் ஸ்டைபண்ட் வரும், வீட்டுல காசு கேக்க வேணாம். ஃபார்மலின் நெடி கண்ண எரிக்கும், மூணு மாசத்துல பழகிரும். காலைல சீக்கிரம் எந்திரிக்க முடியாதவங்க கறிக்கடைக்குப் போறதுக்கு மட்டும் வேற ஆள் பாத்து வச்சுக்கோங்க.