அப்பா வரும் ஞாயிறு

குழந்தைகள் இல்லம் என்றதும் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு இல்லங்களில் வளரும் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஊர் ஊராகப் போகிற ஒருவர், பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிறார். அன்று முதல் ஊரார் கண்ணில் அவர் ‘பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போனவர்’ ஆகிவிடுகிறார். இது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது.

பெண் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் வார இறுதிகளில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும் நாள். வருகிற அம்மாக்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும். சடையைப் பிரித்துப் பேன் பார்ப்பார்கள், எண்ணெய் வைப்பார்கள், பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டுவார்கள், பேச்சு அதனூடே தானாக நடக்கும். அப்பாக்களோ அலுவலக அறையில், வார்டன் அம்மாவின் எதிரில், நாற்காலி நுனியில் அமர்ந்து “சாப்பிட்டியா, நல்லா படிக்கிறியா” என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். ஆண்களை உள்ளே விடாததற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அன்பில்லாததால் அவர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்று எண்ணுவது தவறு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள் அவர்கள்.

இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைக்கு இருவருடனும் நேரடித் தொடர்பு வைத்திருக்கும் உரிமை உண்டு என்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. பிள்ளை வீட்டிலேயே வளர்வதற்காக ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு. ஆனால் அதன் தகுதிப் பட்டியலைப் படித்தபோது மனம் கசந்தது. கணவனை இழந்த, மணமுறிவு பெற்ற, குடும்பத்தால் கைவிடப்பட்ட தாய் அதில் வெளிப்படையாகக் குறிப்பிடப்படுகிறார். மனைவியை இழந்த தந்தைக்கு அப்படித் தனி இடமில்லை. பணத்தாலும் உடலாலும் பிள்ளையைப் பராமரிக்க இயலாத பெற்றோர் என்ற பொதுப் பிரிவுக்குள் அவர் தம்மைப் பொருத்திக் காட்ட வேண்டும். அதை அவருக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பிள்ளையைச் சேர்க்க வரும் நாளிலேயே, இல்லத்தில் சேர்ப்பதை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில், இந்த உதவியைப் பற்றிய பேச்சு முதலில் எழ வேண்டும்.

அதுவரை இல்லங்களே செய்யக்கூடியவை சில உண்டு. மதிப்பெண் அட்டையில் வார்டன் கையெழுத்திடாமல் அப்பா வரும் நாள்வரை அதை வைத்திருக்கலாம். எங்கள் இல்லத்தில் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, கணக்கில் ஏன் குறைந்தது என்று ஒரு தந்தை என்னிடமே வந்து கேட்டார், மகள் முகம் சுளித்தபடி பதில் சொன்னாள், அரை மணி நேரம் மூவரும் பின்னங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கும் அவரை அழைக்கலாம். தொலைபேசி நேரத்தை மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணிக்கு மேல் மாற்றினாலே போதும், வேலை முடிந்து வருகிறவர் பேசிவிடுவார்.