பெங்களூர்ல சென்சஸ் எடுத்த அனுபவம்

2011 சென்சஸ்ல எனக்கு அல்சூர் பக்கம் ட்யூட்டி போட்டாங்க. ஸ்கூல் டீச்சர்னா எலெக்‌ஷனும் சென்சஸும் தலையில வந்து விழறது தெரிஞ்சதுதானே. பிப்ரவரி 9-லேர்ந்து 28 வரைக்கும் டைம், ஒரு பிளாக்னா, அதாவது ஒரு ஆளுக்கு ஒதுக்கற பகுதின்னா, சுமாரா 120, 150 வீடு. ஃபார்மை மடிக்கவே கூடாது, ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டரே எழுத்தைப் படிக்கும், கட்டத்தை விட்டு வெளிய போகாம எழுதுங்கன்னு டிரெய்னிங்ல திரும்பத் திரும்ப சொன்னாங்க.

மொத்தம் 29 கேள்வி. அதுல வயசுதான் பெரிய ரோதனை. ஒரு பாட்டி "அறுபதுன்னு போட்டுக்கோ கண்ணு"ங்கறாங்க, பக்கத்துல நின்ன மருமக "பத்து வருஷமா இவங்களுக்கு அறுபதுதான் டீச்சர்"னு சிரிக்கறா. எம்ஜிஆர் முதலமைச்சர் ஆனப்போ பெரிய பையன் என்ன படிச்சான் பாட்டின்னு கேட்டேன், அந்த வருஷந்தான் ஒண்ணாங்கிளாஸ் சேர்த்தோம்னாங்க, கல்யாணத்தப்போ பதினேழு, அப்புறம் பத்து வருஷம் கழிச்சுதான் இவன் பொறந்தான்னாங்க, அப்படி இப்படி கூட்டிப் பாத்தா 66-ல வந்து நின்னுச்சு. எல்லா வீட்லயும் இப்படி உக்காந்து கணக்கு போட முடியுமா சொல்லுங்க? அதான் சென்சஸ் டேபிள்ல 30, 35, 40, 60-ன்னு 0-லயும் 5-லயும் முடியற வயசுலயே ஜனம் கும்பலா நிக்கும்.

கல்யாணம் ஆன பொம்பளைங்க கிட்ட மொத்தம் எத்தனை குழந்தை பெத்தீங்க, அதுல இப்ப எத்தனை உயிரோட இருக்குன்னு கேக்கணும். ஆம்பளைங்க எதிர்ல நின்னா சரியான பதில் வராது, தண்ணி குடுங்கன்னு சமையக்கட்டு வரைக்கும் போய்தான் கேப்பேன். ஒரு தலைமுறையில பிறப்பு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சொல்றதுக்கு இந்தக் கேள்விதான் அடிப்படை. என் பிளாக்லயே மாமியார் ஏழு பெத்திருப்பாங்க, மருமக ரெண்டோட நிறுத்தியிருப்பா. நாட்டுக் கணக்குலயும் அதேதான் தெரிஞ்சுது, 1961-71-ல 24.8 சதவீதமா இருந்த ஜனத்தொகை வளர்ச்சி 2001-11-ல 17.7-க்கு இறங்கிடுச்சு. அப்பவும் அந்தப் பத்து வருஷத்துல 18 கோடி பேர் கூடினாங்க, மொத்தம் 121 கோடி. ஆனா முந்தின பத்து வருஷத்துல கூடினதைவிட இது துளி கம்மி, 1911-21-க்கு அப்புறம் அப்படி ஆனது அதான் முதல் தடவை. அந்த 1911-21-ல ஃப்ளூ காய்ச்சல் வந்து ஜனத்தொகையே குறைஞ்சு போச்சு, அது வேற கதை.

பெங்களூர் மட்டும் இந்தக் கணக்குல அடங்காது. பெங்களூர் நகர மாவட்டம் அதே 2001-11-ல 65 லட்சத்துலேர்ந்து 96 லட்சம் ஆச்சு, 47 சதவீதம். பொறந்து பெருகின கூட்டம் மட்டும் இல்ல, பஸ் ஏறி வந்த கூட்டமும்தான். ஒரு பிஜில, அதான் வேலைக்கு வந்தவங்க வாடகைக்குத் தங்கற பேயிங் கெஸ்ட் விடுதில, தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பசங்களா இருந்தாங்க, பொறந்த ஊர், கடைசியா இருந்த ஊர், ஏன் வந்தீங்கன்னு எழுதிட்டே வர்றப்போ ஒரு பையன் மெதுவா "மேடம், எங்கம்மா ஊர்ல என் பேரையும் சேர்த்து சொல்லிட்டாங்களாம்"னான். இங்கயே தங்கி வேலை பாக்கறவன், அப்ப இங்கதான் கணக்கு. உடனே போன் போட வெச்சு, "சென்சஸ்காரங்க மறுபடி வர்றப்போ அந்தப் பேரை எடுக்கச் சொல்லுங்கம்மா"ன்னேன். "பெத்த வீட்ல பேரு இல்லாம எப்படி?"ன்னு அந்தம்மா ஒரே சண்டை. ரேஷன் கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

28-ஆம் தேதி ராத்திரி கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட்னு வீடு இல்லாதவங்களை எண்ணினாங்க. மார்ச் 1-லேர்ந்து 5 வரைக்கும் மறுபடி ஒரு ரவுண்ட். மார்ச் 1 பொறக்கற நள்ளிரவு 12 மணிதான் கணக்கு, அதுக்கு முன்னாடி பொறந்திருந்தா சேக்கணும், செத்திருந்தா எடுக்கணும். ஒரு வீட்ல மார்ச் 2-ஆம் தேதி பேரன் பொறந்திருக்கான், தாத்தா ஸ்வீட் பாக்ஸோட நிக்கறார், பேர் எழுதுங்க டீச்சர்ங்கறார். முடியாது சார், அடுத்த சென்சஸ்ல வருவான்னேன். 2021-ல எடுக்க வேண்டியது கொரோனால தள்ளித் தள்ளிப் போய் இப்ப 2027 மார்ச் 1-ன்னு அறிவிச்சிருக்காங்க. அன்னிக்கு அவனுக்கு 16 ஆக ஒரு நாள் பாக்கி இருக்கும், 15-ன்னுதான் எழுதணும்.