தைப்பூசத்தன்று ஒரு தென்னம்பிள்ளை

தைப்பூசத்தன்று தோப்பில் ஒரு கன்றாவது வைப்பது எங்கள் குடும்பத்தில் இருந்த வழக்கம் இல்லை. நான் இஸ்ரேலிலிருந்து கொண்டுவந்தது. "எல்லாரும் அங்கேருந்து பேரீச்சம்பழம் கொண்டாருவாங்க, நீ பண்டிகையக் கொண்டாந்திருக்கே" என்பார் வீட்டுக்காரர். குழி வெட்டித் தருவதும் அவர்தான்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் போனேன். எனக்கு வாய்த்தவர் கேரளத்துக் கொச்சியிலிருந்து போன ஒரு யூதப் பாட்டி. அவர் இருந்தது எருசலேமுக்கு மேற்கே மெசிலாத் சீயோன், கொச்சி யூதர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்று. 1950-களில் சிறுமியாகப் போனவர், மலையாளத்தை மட்டும் விடவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவர் மலையாளத்தில் திட்டுவார். குறையில்லாமல் ஓடியது.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல். பேராவூரணிப் பக்கம் தென்னைகள் சாய்ந்து கிடந்ததைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். எங்கள் தோப்பில் பெரும்பாலானவை மாமனார் கையால் வைத்தவை. டிசம்பர் தொடக்கத்தில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகை வந்தது. எட்டு ராத்திரி விளக்கு, எண்ணெயில் பொரித்த பலகாரம். எல்லாம் செய்தேன், சாப்பிட்டேன், மனசு ஒட்டவில்லை.

ஜனவரியில் பாட்டி ஒரு நாள், "மோளே, நாளைக்கு மரங்களுக்கு வருஷப் பிறப்பு" என்றார். அதற்குப் பேர் து பிஷ்வாத். யூதக் காலண்டரில் ஷெவாத் மாதம் 15, பௌர்ணமி. காலண்டரைப் பார்த்தால் 2019 ஜனவரி 21, நம் தைப்பூசமும் அன்றுதான்! இரண்டும் நிலாக் கணக்கு என்பதால் பல வருஷம் இப்படி ஒட்டியே வருகின்றன.

குளிரில் நடுங்கிக்கொண்டு எதற்கு மரத்துக்குப் புத்தாண்டு என்று கேட்டேன். அது முதலில் பண்டிகையே இல்லையாம், வரிக் கணக்காம்! மரத்துப் பழத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. எந்தப் பழம் எந்த வருஷத்தில் சேரும் என்று பிரிக்க ஒரு தேதி வேண்டும். நம் நிலவரிக் கணக்கு வருஷமான ஃபசலி ஜூலை 1-ல் தொடங்குகிற மாதிரி. இல்லேல் என்ற ஆசிரியரின் பள்ளி ஷெவாத் 15 என்றது, ஷம்மாய் என்ற இன்னொரு ஆசிரியரின் பள்ளி ஷெவாத் 1 என்றது. 15 நின்றது. யூதர்களின் சட்ட நூலான தல்மூது சொல்லும் காரணம்தான் எனக்குப் பிடித்தது: அதற்குள் வருஷத்து மழையில் பெரும்பகுதி பெய்து முடிந்திருக்கும். கிளை மொட்டையாகத்தான் நிற்கும், ஆனால் வேருக்கு வேண்டியது மண்ணில் இறங்கியாயிற்று.

காவிரிக் கடைமடைக்காரிக்கு இதை விளக்க வேண்டுமா? யூதர்களும் அக்டோபரில்தான் மழைக்கான வேண்டுதலைத் தொடங்குகிறார்கள், நமக்கு ஐப்பசி அடைமழை. ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையை வழக்கப்படி மூடுவது ஜனவரி 28. கல்லணைக் கால்வாயான புதாற்றில் வந்ததும் வானம் கொடுத்ததும் எவ்வளவு என்று தையில் தெரிந்துவிடும். அங்கே அதே நேரத்தில் முதலில் பூப்பது வாதுமை, அதாவது பாதாம். இலைகூட இல்லாத கிளையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக.

சாயங்காலம் பாட்டி ஒரு தட்டு வைத்தார். 16-ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரேலின் சஃபேத் நகரத்து யூத ஞானிகள் வழியாக வந்த முறையாம். இவர் கற்றது பக்கத்து வீட்டு மொராக்கோக்காரர்களிடம். வெளியே ஓடுள்ள பழம், உள்ளே கொட்டையுள்ள பழம், அப்படியே தின்கிற பழம் என்று மூன்று வகை. நான்கு கோப்பைத் திராட்சை ரசம், முதலாவது முழு வெள்ளை, பிறகு சிவப்பு ஏறிக்கொண்டே போகும், குளிர்காலம் வசந்தமாவது போல. ஓடுள்ள வகையில் வாதுமையோடு தேங்காய்ச் சில்லும் இருந்தது. எனக்காக வாங்கச் சொல்லியிருக்கிறார். கஜாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தேங்காயைத் தொட்டேன்.

"நட்டு மூணு வருஷம் காயைத் தொடக்கூடாது" என்று வேதச் சட்டத்தையும் சொன்னார். நெட்டைத் தென்னைக்கு அந்தச் சட்டமே வேண்டாம் பாட்டி, ஆறு ஏழு வருஷம் அதுவே தராது என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

ஊர் திரும்பியபின் தைப்பூசத்துக்குத் தென்னம்பிள்ளை வைக்கத் தொடங்கினேன். மழை ஓய்ந்து ஈரம் நிற்கிற சமயம், நடவுக்கும் நல்லதுதான். இந்த வருஷம் பிப்ரவரி 1-ல் தைப்பூசம், அன்று மாலையே து பிஷ்வாத்தும் தொடங்கியது. தட்டும் வைத்தேன். அத்தி, மாதுளை, திராட்சை, பேரீச்சை கடைத்தெருவில் கிடைத்தன. ஒலிவக் காய்க்குப் பேராவூரணியில் எங்கே போவது? உப்பில் ஊறிய பெருநெல்லியை வைத்துவிட்டேன். பாட்டி பார்த்திருந்தால், "உள்ளே கொட்டை இருக்கில்லே, மதி" என்றிருப்பார். மலையாளத்தில் மதி என்றால் போதும்.