பள்ளியில் தெரபி கேட்பதற்கு முன் பத்து நாள் குறிப்பு

குழந்தைக்குப் பள்ளியிலேயே தெரபி கேட்டு, மருத்துவ அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "பார்க்கிறோம்". இதில் பள்ளியை மட்டும் குறை சொல்ல முடியாது. "ஆட்டிசம், வாரம் மூன்று முறை ஆக்குபேஷனல் தெரபி தேவை" என்ற வரியை (ஆக்குபேஷனல் தெரபி என்பது எழுதுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) படிக்கிற தலைமையாசிரியர் அதைச் சிகிச்சை மையத்தின் வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார். "கரும்பலகையில் இருக்கிற நாலு வரியை எழுதி முடிக்க 25 நிமிடம் ஆகிறது, அதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் அது பள்ளியின் வேலையாகிவிடும். குழந்தையின் பிரச்சினைக்கு மருத்துவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைவிட, பள்ளி நாளில் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைத்தான் அவர்களிடம் காட்ட வேண்டும்.

அதற்குத்தான் பத்துப் பள்ளி நாள் குறிப்பு. ஒரு நோட்டில் தேதி, பீரியட், என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆனது, யார் என்ன உதவி செய்தார்கள், எது பலித்தது என்று போட்டுக்கொண்டே வாருங்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடிகிறதா, கழிப்பறைக்குத் தனியாகப் போய் வருகிறதா, படியில் கைப்பிடி இல்லாமல் இறங்குகிறதா, "நோட்டை எடுத்து இரண்டாவது பக்கத்தைத் திற" என்று சொன்னால் இரண்டையும் செய்கிறதா, புதியவர்களுக்கு அதன் பேச்சு புரிகிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணில் தெரியாத இடங்கள் இவை. வகுப்பாசிரியரிடமும் நாளுக்கு இரண்டே வரி எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய இருபது பக்கத்தைவிட அவர் கையெழுத்தில் இருக்கும் இரண்டு வரிக்கு, பின்னால் பள்ளியோடு நடக்கும் கூட்டத்தில் மதிப்பு அதிகம்.

அடுத்தது கடிதம். நேரில் பேசியது கணக்கில் வராது. கடிதத்தில் முதலில் தெரபி கேட்காதீர்கள், மதிப்பீடு கேளுங்கள். பேச்சும் மொழியும், கை வேலையும் புலன் உணர்வும், நடையும் உட்காரும் நிலையும் என எந்தெந்தப் பகுதியில் மதிப்பீடு வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். பதில் வேண்டிய தேதியைக் குறிப்பிடுங்கள். அறிக்கைகளின் நகலை மட்டும் இணைத்து, உங்கள் பிரதியில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் தாமதம் என்று சொல்ல வேண்டி வந்தால் நாள் எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

காது, கண் பரிசோதனை முடியாமல் பேச்சு மதிப்பீட்டுக்கு உட்காராதீர்கள். நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி என்றால் இரண்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி மொழியில் மட்டும் பின்தங்கியிருந்தால் அது பேச்சுக் குறைபாடாக இருக்க வேண்டியதில்லை. இரண்டிலும் பின்தங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பல மதிப்பீடுகள் கோட்டை விடுவது அறையில்தான். அமைதியான அறை, எதிரே ஒரே ஒரு பெரியவர், கவனத்தைக் கலைக்க ஒன்றுமில்லை. அங்கே குழந்தை ஜோராகச் செய்துவிடும். நாற்பது பேர் சத்தத்தில் அதே வேலை வராது. ஆகவே வகுப்பிலும் இடைவேளையிலும் உட்கார்ந்து பார்த்த குறிப்பு அறிக்கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அடுத்து மொத்த மதிப்பெண். பல தேர்வுகளில் சராசரி 100, திட்ட விலக்கம் 15, அதாவது பெரும்பாலான குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவே வருவார்கள். மொத்தம் 90 என்று வந்தால் "சராசரிதான்" என்பார்கள். ஒரு பகுதியில் 110, இன்னொன்றில் 70 என்றாலும் மொத்தம் 90-ஐ ஒட்டியே நிற்கும். பள்ளியில் குழந்தை மாட்டிக்கொள்வது அந்த 70-இல்தான். பகுதிவாரி மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேர்வின் அளவுகோல் எந்த ஊர்க் குழந்தைகளை வைத்து உருவானது என்றும் கேட்கலாம், அதில் தவறில்லை.

கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அறிக்கை கைக்கு வந்துவிட வேண்டும். கூட்டத்தில் கொடுத்து அங்கேயே கையெழுத்துக் கேட்டால், படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், மதிப்பிட்ட தெரபிஸ்ட் தவிர, ஆளையும் நேரத்தையும் ஒதுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரும் இருக்க வேண்டும். அவர் இல்லாத கூட்டத்தில் எல்லாமே "கேட்டுச் சொல்கிறோம்" என்று முடியும். உங்கள் பக்கம் குறிப்பு எடுக்க ஒருவரை அழைத்துப் போங்கள். பேசிக்கொண்டே எழுதுவது யாராலும் ஆகாது.

அந்தக் கூட்டத்தில் தனிநபர் கல்வித் திட்டம் (இந்த ஒரு குழந்தைக்கு என்ன இலக்கு, என்ன உதவி என்று எழுதும் திட்டம்) எழுதும்போது வரிக்கு வரி பார்க்க வேண்டும். "கையெழுத்து மேம்படும்" என்பது இலக்கே இல்லை. இப்படி இருக்கலாம்: "சாய்வுப் பலகையில் வைத்து, கரும்பலகையில் உள்ள ஐந்து சொல் வாக்கியத்தை 3 நிமிடத்துக்குள், 5-இல் 4 முறை எழுதுவது. இப்போதைய நிலை: 9 நிமிடம், 5-இல் 1 முறை." இப்போதைய எண் இல்லாத இலக்கை எட்டியதாகவும் சொல்லலாம், எட்டவில்லை என்றும் சொல்லலாம். மூன்று நான்கு இலக்கு போதும். பதினைந்து எழுதினால் எதையும் யாரும் தொடமாட்டார்கள்.

தெரபி நேரத்தில் இரண்டு சொற்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்: "தேவைப்படும்போது", "வரை". மாதம் 240 நிமிடம் வரை என்று எழுதினால் பூஜ்ஜியம் கொடுத்தாலும் திட்டத்தை மீறியதாகாது. "வாரம் 2 முறை, 30 நிமிடம், தனியாக, இந்த அறையில், இன்னின்ன நாள்" என்று வர வேண்டும். குழு என்றால் எத்தனை பேர் என்பதும் வேண்டும். நான்கு பேர் குழுவில் 30 நிமிடம் என்றால் ஒரு குழந்தையின் பங்கு ஏழரை நிமிடம். வகுப்பிலிருந்து அறைக்கு நடந்து போய் வரும் நேரமும் இதில்தான் கழியும். எந்த பீரியடிலிருந்து அழைத்துப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். விளையாட்டு பீரியடைப் பிடுங்கினால் குழந்தை தெரபிஸ்டைக் கண்டாலே ஓடும். தெரபிஸ்ட் நேரில் செய்யாமல் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் உண்டு, சில குழந்தைகளுக்கு அதுவே மேல். அதற்கும் மாதம் இத்தனை நிமிடம் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தெரபிஸ்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாதவையும் உண்டு. கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது, கை எழுதாது. பாதத்துக்கு அடியில் ஒரு பெட்டி வைத்து இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 பாகையில் வருகிறதா என்று பாருங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். நாளின் வேலைகளைப் படமாக மேசையில் ஒட்டலாம். நடுவே எழுந்து நடக்க விடலாம். இவை மறுநாளே தொடங்கக்கூடியவை. "பெட்டி வைத்துவிட்டோமே" என்று தெரபியை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள்.

மறுப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். "மதிப்பெண் நன்றாக இருக்கிறதே" என்றால் சாப்பாடு, கழிப்பறை, நண்பர்கள் என்று குறிப்பு நோட்டைத் திறங்கள். "காத்திருந்து பார்ப்போம்" என்றால் எந்தத் தேதி வரை, எதை அளந்து பார்ப்பது என்று கேளுங்கள். "இங்கே நன்றாகத்தானே இருக்கிறான்" என்றால், நாள் முழுக்க அடக்கிவைத்து வீட்டு வாசலில் வெடிக்கும் குழந்தைகள் உண்டு. பள்ளி விட்ட முதல் ஒரு மணி நேரத்தைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள். "ஆள் இல்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆள் இல்லாததால் குழந்தையின் தேவை குறைந்துவிடாது. திட்டத்தில் தேவை எழுதப்படட்டும், ஆள் தேடுவது அடுத்த படி. எந்த மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். நேரில் சொன்ன காரணம் எழுதும்போது பல சமயம் மாறிவிடும். 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, அவரவர் தேவைக்கேற்ற வசதியையும் ஆதரவையும் கல்வியில் கேட்கிறது. மேல்முறையீட்டில் அதைவிட உங்கள் நாட்டுச் சட்டத்தின் பிரிவு எண்ணும் அது சொல்லும் கெடுவும்தான் முதலில் வேலை செய்யும்.

தொடங்கிய பிறகு நான்கு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். எட்டு அமர்வு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருக்கும். விடுப்பு, தேர்வு, ஆண்டுவிழா ஒத்திகை என்று கழிந்திருக்கும். தவறியவற்றை எப்போது ஈடுசெய்வது என்பதும் திட்டத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை தேதி, நிமிடம், எந்த இலக்கு என்று மூன்று நெடுவரிசை உள்ள தாள் கேளுங்கள். வெளியே தனியாகத் தெரபி நடந்தால் அந்தத் தெரபிஸ்டும் பள்ளித் தெரபிஸ்டும் பேசிக்கொள்ள எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். ஒருவர் படம் காட்டி, இன்னொருவர் சைகை காட்டினால் குழந்தைதான் குழம்பும். இரண்டு மாதமாகியும் எண் நகரவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள். "இலக்கு எட்டிவிட்டது, நிறுத்தலாம்" என்று வந்தால், தெரபி அறையிலா வகுப்பறையிலா எட்டியது என்று கேளுங்கள்.

வகுப்பு மாறும்போது பழைய அறிக்கையைப் புது ஆசிரியர் படிக்கமாட்டார், நேரமும் இருக்காது. ஒரே பக்கம் எழுதிக் கொடுங்கள்: எது பிடிக்கும், எது தடுமாற்றம், தடுமாறும்போது என்ன செய்தால் சரியாகும், வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் தெரபி. சொல்லத் தெரிந்த வயதுக் குழந்தை என்றால் அந்தப் பக்கத்தைக் குழந்தையிடமே கேட்டு எழுதுங்கள்.