கச்சான் காற்றும் என் சைக்கிளும்

மே மாதம் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லை. ஒரு கிழமை ஓட்டப்போட்டி, மறு கிழமை நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லன். "காசும் கட்டியா ஓடப் போறாய், தம்பி?" என்கிறா அம்மா. நியாயமான கேள்விதான்.

வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் கடல் இந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கிறது. ஒலிம்பிக் தூர ட்ரையத்லனின் நீச்சலான 1.5 கிலோமீற்றரைத் திருகோணமலை உப்புவெளிக் கரையோரமாகவே நீந்திப் பழகலாம். 40 கிலோமீற்றர் சைக்கிள்தான் சோதனை. தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான், அனுராதபுரம் வீதியில் கன்னியாப் பக்கம் திரும்பினால் முகத்திலேயே அடிக்கும். விடிய வெள்ளனப் போனால் கொஞ்சம் தப்பலாம்.

அப்புறம் 10 கிலோமீற்றர் ஓட்டம். இறங்கிய பிறகும் கால் பெடலைத்தான் தேடும். அதற்காகவே நீண்ட சவாரி முடிந்த கையோடு சின்னதாக ஓடிப் பழகுகிறேன். பழகியும் முதல் கிலோமீற்றர் வாத்து நடைதான்!

இந்த வெயிலுக்கு வெறும் தண்ணீர் போதாது. தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டுக் கொண்டுபோகிறேன். கடையில் விற்கிற எனர்ஜி ஜெல் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, விலையும் அப்படித்தான்.

அடுத்த சனி காலை உப்புவெளியில் நீந்த யார் வருகிறீர்கள்? தனியே கடலில் இறங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.