வைகையிலிருந்து நாக் நதி வரை

அழகர் ஆற்றில் இறங்கிப் போன மறுவாரம் மதுரை வீட்டைக் காலி செய்தோம். எனக்கு நாக்பூருக்கு மாற்றல். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு நீங்கள் விமானத்தில் வந்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அம்மா 62 வயதில் முதல்முறையாக மதுரையை விட்டுக் குடிபெயர்கிறாள், அவளைச் சில மணி நேரத்தில் தூக்கி வேறு ஊரில் வைக்க எனக்கு மனசில்லை. அதனால் சுமார் 1,500 கிலோமீட்டரும் காரிலேயே. வழியில் குழப்பமே இல்லை, தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் அதுவே நேராக நாக்பூரில் கொண்டுபோய் விடும்.

விடியற்காலை நாலரைக்கு வைகைப் பாலத்தில் ஏறும்போதே அம்மா சுருக்குப்பையைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை வெளியே போட்டாள். அப்போதுதான் தெரிந்தது, பை நிறையச் சில்லறை சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், வழியில் வருகிற ஒவ்வொரு பெரிய ஆற்றுக்கும் ஒன்று. "ஆத்தக் கும்புடாமத் தாண்டக் கூடாதுத்தா."

பரமத்தி வேலூரில் காவிரி. காவேரிப்பட்டினம் பக்கம் தென்பெண்ணை. பெங்களூரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தாண்ட இரண்டரை மணி நேரம் ஆனது. சிக்கபள்ளாபூர் அருகே நந்தி மலை தெரிந்ததும் அம்மாவிடம் சொன்னேன், காலையில் பார்த்த தென்பெண்ணையும் நாளைக்குப் பார்க்கப் போகிற வட பெண்ணையும் இந்த மலைப் பக்கம்தான் பிறக்கின்றன, ஒன்று கடலூருக்குப் போகிறது, இன்னொன்று நெல்லூர்ப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது என்று. "அக்கா தங்கச்சியக் கட்டிக்குடுத்த மாதிரி" என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அவளும் சித்தியும் அப்படித்தான் ஒரே வீட்டில் பிறந்து திசைக்கு ஒன்றாகப் போனார்கள்.

இரவு அனந்தபூரில் தங்கினோம். இரண்டாம் நாள்தான் பயணத்தின் மகுடம், ஒரே நாளில் நான்கு ஆறுகள். பாமிடியில் பெண்ணை, மே மாத வெயிலில் வெறும் மணல், அதற்கும் நாணயம் உண்டு. கர்னூலில் துங்கபத்திரை. பீச்சுபள்ளியில் கிருஷ்ணா. ஹைதராபாத்துக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றிக்கொண்டு போய், பொழுது சாயும் நேரத்தில் நிர்மலுக்கு முன்னால் சோன் பாலத்தில் கோதாவரி. பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது, பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தபடி வந்தன, முடிந்த வரை மெதுவாக ஓட்டினேன். அம்மா இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். பாலம் முடிந்த பிறகுதான் நாணயம் போடவில்லை என்று ஞாபகம் வந்து தவித்துப் போனாள். அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அரை மணி நேரம் போனது, போகட்டும்.

மூன்றாம் நாள் பென்கங்காவைத் தாண்டியதும் மகாராஷ்டிரம். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மாறி வந்த பலகைகள் இப்போது தேவநாகரிக்கு மாறின. கண்ணாடியை இறக்கினால் அடுப்படி அனல்.

மதியம் நாக்பூர் வந்தோம், சாமான் லாரி மூன்று நாள் தாமதமாக வந்தது. அதுவரை பாயும் ஒரு குக்கரும்தான் குடித்தனம். வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதென்றால் மதுரை ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மாற்றலாகி வருகிறவர்கள் அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள், நான் வாங்காமல் வந்து இப்போது அலைகிறேன்.

மறுநாள் காலை கொண்டைக்கடலைக் குழம்பு ஊற்றிய தர்ரி போஹா சாப்பிட்டுவிட்டு வரும்போது, இந்த ஊர் ஆறு எங்கே என்று அம்மா கேட்டாள். ஊருக்கே பெயர் கொடுத்த நாக் நதியைக் காட்டினேன். இரண்டு பக்கமும் கட்டிய சுவருக்கு நடுவே சாக்கடை கலந்து கறுப்பாக ஓடியது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நம்ம வைகையும் இப்படித்தான கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு ரூபாயை எடுத்துப் போட்டாள். அப்புறம் இங்கே முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.