ஒற்றைச் செல்லில் ஏழு செயல்கள்: பரமீசியம் வளர்த்துப் பார்த்த அனுபவம்

உணவூட்டம், சுவாசம், இயக்கம், வளர்ச்சி, இனப்பெருக்கம், கழிவு நீக்கம், தூண்டலுக்கு எதிர்வினை. உயிருள்ளது எதுவாயினும் இந்த ஏழும் உண்டு என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரே உயிரிடம் இவற்றில் எத்தனையைக் கண்ணால் பார்த்துவிட முடியும் என்று சோதிப்பதே என் திட்டம். உடல் முழுவதும் ஒரே செல், அதுவும் ஒளி ஊடுருவும் செல் என்பதால் பரமீசியம் என்னும் நன்னீர் நுண்ணுயிரியைத் தேர்ந்தெடுத்தேன்.

வளர்ப்பது எளிது. உலர்ந்த புல்லைக் கொதிக்க வைத்து, நீர் ஆறிய பிறகு சிறிது குளத்து நீரைக் கலந்து, நேரடி வெயில் படாத இடத்தில் தளர்வாக மூடி வைத்தேன். முதலில் பாக்டீரியா பெருகி நீர் கலங்குகிறது, மேலே ஏடு படர்கிறது. நாற்றமும் உண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. பாக்டீரியாவைத் தின்ன மிகச் சிறிய உயிரிகள் சில வந்துபோன பிறகுதான் பரமீசியம் தலைகாட்டியது. ஏட்டை ஒட்டி எடுத்த துளிகளில் நிறையக் கிடைத்தன.

இயக்கத்தைப் பார்க்க நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கமே போதும். உடலெங்கும் உள்ள நுண்மயிர் போன்ற குறுஇழைகள் துடிக்க, அது உருண்டுகொண்டே நீந்துகிறது. 400 மடங்கில் பார்த்தாலோ கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். பஞ்சைப் பிரித்து இழைகளை ஸ்லைடில் பரப்பியதும் அவற்றுக்கிடையே சிக்கி ஓரளவு அடங்கியது. எதிர்வினையும் இங்கேயே கிடைத்தது. முன்முனை பஞ்சிழையில் இடித்ததும் பின்வாங்கி, சற்றுத் திரும்பி, மீண்டும் முன்னேறுகிறது. வழி கிடைக்கும் வரை இதையே செய்கிறது. இடித்த கணத்தில் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் நுழைய, குறுஇழைகளின் துடிப்பு எதிர்த் திசைக்கு மாறுகிறது. மூளையும் இல்லை, நரம்பும் இல்லை.

உணவூட்டத்துக்காக ஈஸ்ட்டைக் காங்கோ சிவப்புச் சாயத்துடன் கொதிக்கவைத்து, ஆறியதும் கொடுத்தேன். (இந்தச் சாயம் நச்சுத்தன்மை கொண்டது; கையுறை இல்லாமல் தொடக்கூடாது.) விழுங்கிய ஈஸ்ட் உணவுக் குமிழிகளாகச் செல்லுக்குள் சுற்றி வரத் தொடங்கியது. சிவப்பாக இருந்த குமிழிகள் சில நிமிடங்களில் நீலமாயின. உள்ளே அமிலம் சுரந்ததற்கு அதுவே அடையாளம். பிறகு அமிலம் குறையும்போது மறுபடி சிவப்பு திரும்புகிறது. செரிமானத்தை நிறமாகப் பார்க்கக் கிடைத்த இந்த ஒன்றுக்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது கழிவு நீக்கம்தான். செல்லின் இரு முனைகளை ஒட்டியும் ஒவ்வொரு சுருங்கும் நுண்குமிழி இருக்கிறது. நட்சத்திரக் கதிர்களைப் போன்ற கால்வாய்கள் நீரைச் சேர்த்துக் கொடுக்க, குமிழி நிரம்பிச் சட்டென்று சுருங்கி வெளியேற்றுகிறது. இதைக் கழிவுறுப்பு என்றே பலரும் படித்திருப்போம். ஸ்லைடில் மிகச் சிறிதளவு உப்பு நீரைச் சேர்த்துப் பார்த்தேன். துடிப்புகளுக்கிடையே இடைவெளி தெளிவாக நீண்டது. கழிவுதான் அதன் முதன்மை வேலை என்றால் உப்புக்காக அது ஏன் மெதுவாக வேண்டும்? நன்னீரைவிடச் செல்லின் உட்பகுதி அடர்த்தியான கரைசல் என்பதால், சவ்வூடுபரவலால் நீர் இடைவிடாமல் உள்ளே வருகிறது. அதை இறைத்து வெளியேற்றாவிட்டால் செல் வீங்கி வெடித்துவிடும். வெளியே உப்பு கூடினால் உள்ளே வரும் நீர் குறைகிறது, இறைப்பதும் குறைகிறது. உண்மையான கழிவான அம்மோனியாவில் பெரும்பகுதி செல்லின் மேற்பரப்பு வழியாகவே பரவி வெளியேறுகிறது. அதைப் பார்க்க வழியில்லை. செரிக்காத மிச்சம் பின்பகுதியில் குறிப்பிட்ட ஒரு புள்ளி வழியே வெளியேறுவதைப் பார்க்கலாம். ஆனால் அது செல்லின் வேதிவினைகளில் உருவானதல்ல என்பதால் கழிவு நீக்கக் கணக்கில் சேராது.

இனப்பெருக்கத்துக்குப் பொறுமை வேண்டும். நடுவில் இடுப்புப் போல் ஒடுங்கிய செல் கண்ணில் பட்டால், மற்றதை விட்டுவிட்டு அதையே கவனிக்க வேண்டும். ஸ்லைடு உலராமலிருக்க அவ்வப்போது ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டேன். ஒடுக்கம் ஆழமாகி இரண்டும் பிரிந்தபோது, சேய்கள் தாயைவிடக் குட்டையாக இருந்தன. அவை முழு நீளம் அடைவதே வளர்ச்சி. அதற்குத் தனிச் சோதனை தேவைப்படவில்லை.

சுவாசம் மட்டும் பரமீசியத்தில் பிடிபடவில்லை. ஆக்சிஜன் உள்ளே போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் அதே மேற்பரப்பு வழியாகத்தான். எனவே முளைவிட்ட விதைகளிடம் போனேன். மூடிய குடுவையில் அவற்றுடன் வைத்த தெளிந்த சுண்ணாம்பு நீர், அவை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடால் பால் நிறமானது. வேகவைத்த விதைகள் இருந்த குடுவையில் அந்த அளவுக்கு மாறவில்லை. வெந்த விதைகளைக் கிருமிநாசினியில் நனைத்து எடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் அவற்றின்மேல் வளரும் நுண்ணுயிர்களும் சுவாசித்து ஒப்பீட்டையே கெடுத்துவிடும்.

இப்போது யூக்ளினா என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரியை வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். வெளிச்சத்தில் பச்சையத்தைக் கொண்டு உணவு தயாரிக்கும். இருளில், நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களை உறிஞ்சியே பிழைக்கும். ஒரு ஜாடி ஜன்னலோரம் இருக்கிறது, இன்னொன்று அலமாரிக்குள்.